ஆயிரம் ரூபாய் டீச்சர்

என் சித்தி மகள் பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். கொரோனாவில் மூடிய பள்ளிகளால் பிள்ளைகள் இழந்த படிப்பை மீட்க, 2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கியதும் தன்னார்வலராகச் சேர்ந்தாள். 1 முதல் 8ஆம் வகுப்பு வரை, சாயந்திரம் ஒன்றரை மணி நேரம். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை.

நான் கிண்டல் செய்தேன். அந்த வருசம் நூறு நாள் வேலைக்கு ஒரு நாள் கூலி 273 ரூபாய். முழுக்கூலி போட்டால் நாலே நாளில் அதைவிடக் கூட வரும். இவளுக்கு மணிக்கு முப்பது ரூபாய்தான் கட்டுப்படியாகிறது. ‘ஊதியம்’ என்றால் உரிமை கேட்பார்கள், அதனால்தான் ‘ஊக்கத்தொகை’. இப்போதும் அதே கருத்துதான்.

ஆனால் ஒருநாள் அவள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தேன். அஞ்சாவது படிக்கிற பையன், 403-இல் 178 போகணும். நடுவிலிருக்கும் சைபரிடம் எப்படிக் கடன் வாங்குவது என்று முழித்தான். தீப்பெட்டிக் குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, ஒரு கட்டைப் பிரித்துக் காட்டினாள். மூன்றாவது நாள் தானாகவே போட்டான். “ஸ்கூல்ல கேக்க வேண்டியதுதானே?” என்றேன். “கடைசி பெஞ்சுக்கு சார் வர மாட்டாருண்ணா” என்றான். கடைசி பெஞ்சில் யார் பிள்ளைகள் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஊர்த்தெருப் பிள்ளைகள் காசு கொடுத்து டியூஷன் போகிறார்கள். நம் பிள்ளைகளின் டியூஷனுக்கு அரசு கொடுத்தது பாதி, மீதியை என் தங்கச்சி தன் உழைப்பால் கொடுத்தாள். எத்தனை நாளைக்குக் கொடுப்பாள்? ஒரகடத்தில் கம்பெனி வேலை கிடைத்ததும் போய்விட்டாள். திண்ணை காலி.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் நாம் 20 சதவீதம். அந்த விகிதத்தில் நிதி ஒதுக்க வேண்டும் என்ற ஏற்பாடு துணைத்திட்டமாக 1979 முதலே இருக்கிறது. 2024-இல் தமிழ்நாடு அதற்கென்று தனிச் சட்டமும் போட்டது. காலனிக்கு ஒரு மாலை நேர ஆசிரியர், மாதச் சம்பளத்தோடு, அந்த நிதியிலிருந்து ஏன் கூடாது? பொதுத் திட்டத்தில் நம் தலையை எண்ணிக் கணக்குக் காட்டும் பழைய வித்தையை விட இது நேர்மையான செலவு.

மே 1 கிராமசபைக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். சம்பளம் எவ்வளவு கேட்கலாம் என்று அவளுக்குப் போன் போட்டேன்.

“அது இருக்கட்டும்ண்ணா. முதல்ல ஒரு லைட்டு கேளு. நான் எங்க வீட்டுக் கரண்ட்லதான் நடத்தினேன்.”