விழத் தெரிந்த பிள்ளைகள்



ஓசூரில் வாழ்பவர்களுக்கு எல்லை என்பது வரைபடத்துக் கோடு அன்று. அன்றாடம் கடந்து போகும் சாலை. ஜூஜூவாடியைத் தாண்டினால் கர்நாடகத்தின் அத்திப்பள்ளி வந்துவிடும். தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே கடைத்தெருவில் புழங்கும் ஊர் இது. சிப்காட் வந்த பிறகு தென் மாவட்டங்களிலிருந்து எம்மைப் போன்றோர் வந்து சேர்ந்தோம். இன்று ஒடிசா, பீகார், அசாம், மணிப்பூர் என எங்கிருந்தெல்லாமோ இளைஞர்கள் வந்து மூன்று ஷிப்டுகளிலும் உழைக்கிறார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் ஸஃப்பில் நின்று இருபுறமும் நோக்கினால் இந்தியாவின் பாதி முகங்களைக் கண்டுவிடலாம்.

இத்தகைய ஊரில் ஒருவருடைய பெயரைக் கேட்பதற்கு முன்பே அவருடைய முகத்தைப் படித்துவிடுகிறோம். தாடி வைத்தவர் இன்னார், கண் ஒடுங்கியவர் இன்னார் என்று மனம் தானாகவே தீர்ப்பெழுதிவிடுகிறது. இந்தப் படிப்பை நமக்குக் கற்பித்த பள்ளிகளுள் முதன்மையானது வெள்ளித்திரை. திரைப்படம் பார்ப்பது கூடுமா கூடாதா என்னும் விவாதத்திற்குள் நான் நுழையவில்லை. அதை ஆலிம்கள் விளக்குவார்கள். ஆனால் திரையரங்கின் வாசலையே மிதிக்காதவர் வீட்டிற்குள்ளும் கைப்பேசி வழியாக அந்தப் பிம்பங்கள் வந்து அமர்ந்துவிட்டன. எனவே அவற்றைப் பற்றிப் பேசாமல் இருக்க இயலாது.

சண்டைக் கலையையே எடுத்துக்கொள்வோம். புரூஸ் லீயை அறியாத சிறுவர்கள் இல்லை. அவர் 1966இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'கிரீன் ஹார்னெட்' தொடரில் நடித்தபோது கிடைத்தது கதாநாயகனுக்குக் கார் ஓட்டும் பணியாளர் வேடம். ஹாங்காங் மக்களோ அந்தத் தொடரைப் பணியாளனின் பெயரைச் சொல்லி 'கேட்டோ ஷோ' என்றே அழைத்தார்கள். 1972இல் 'குங்ஃபூ' என்னும் தொடர் வந்தது. சீனத் துறவியர் மடத்தில் வளர்ந்த வீரனின் கதை அது. அந்த வேடத்திற்கு புரூஸ் லீயின் பெயரும் பேசப்பட்டது. முடிவில் அது டேவிட் கராடின் என்னும் வெள்ளை இன நடிகருக்குச் சென்றது. அவர் அப்போது குங்ஃபூ பயின்றவர் அல்லர். கலை ஒருவரிடம் இருந்தது. வேடம் மற்றொருவருக்குப் போனது. புரூஸ் லீ ஹாங்காங்கில்தான் நாயகனாக முடிந்தது. 'என்டர் தி டிராகன்' உலகெங்கும் அவர் புகழைப் பரப்பியபோது அவர் உயிருடன் இல்லை; 1973 ஜூலை 20 அன்று தம் 32ஆம் வயதில் இறந்திருந்தார்.

அவரிடம் கலை பயின்றவர்களுள் ஒருவர் கரீம் அப்துல் ஜப்பார். 1968இல் இஸ்லாத்தை ஏற்ற கூடைப்பந்து வீரர். 'கேம் ஆஃப் டெத்' படத்தில் ஆசிரியரும் மாணவரும் மோதும் காட்சியை இன்றும் இளைஞர்கள் தேடிப் பார்க்கிறார்கள். ஒரு சீனரும் ஒரு கறுப்பின முஸ்லிமும் எவருடைய கேலிக்கும் இடம் தராமல் திறமையால் மட்டுமே திரையை நிறைத்த காட்சி அது.

நம் நாட்டிலும் இது நடந்திருக்கிறது. மணிப்பூரின் கோம் பழங்குடியில் பிறந்த மேரி கோம், ஆறு முறை உலகக் குத்துச்சண்டைப் பட்டம் வென்றவர்; 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலமும் பெற்றார். 2014இல் அவருடைய வாழ்க்கை இந்தியில் படமானபோது அவராக நடித்தவர் பிரியங்கா சோப்ரா. மணிப்பூரைச் சேர்ந்த லின் லைஷ்ராமுக்கு அதே படத்தில் கிடைத்தது ஒரு சிறிய வேடம். வணிகக் காரணம் சொல்வார்கள். அதில் உண்மையும் இருக்கலாம். ஆயினும் வடகிழக்குச் சிறுமி ஒருத்தி, தன் முகம் தன் ஊர்க் கதைக்கே நாயகியாகப் போதாது என்றுதானே இதிலிருந்து விளங்கிக்கொள்வாள்? தமிழில் இதற்கு மாறான முன்மாதிரியும் உண்டு. 2016இல் வந்த 'இறுதிச்சுற்று' படத்தில் உண்மையான கிக் பாக்சிங் வீராங்கனையான ரித்திகா சிங்கையே நாயகியாக்கினார் இயக்குநர் சுதா கொங்கரா. கலை தெரிந்தவரிடமே வேடத்தைக் கொடுப்பது இயலாத காரியம் அன்று.

இனி நம் சமுதாயத்திற்கு வருவோம். 1995இல் வெளியான 'பம்பாய்' படத்தில் இந்துத் தந்தையாக நடித்தவர் நாசர்; முஸ்லிம் தந்தையாக நடித்தவர் கிட்டி என்று அறியப்பட்ட ராஜா கிருஷ்ணமூர்த்தி. முகத்தில் மதம் எழுதப்பட்டிருக்கவில்லை என்பதற்கு இதைவிட எளிய சான்று தேவையில்லை. மதுரைக்காரரான ஷிஹான் ஹுசைனி கராத்தேயிலும் வில்வித்தையிலும் பலரை உருவாக்கியவர். 1986இல் 'புன்னகை மன்னன்' வழியாகத் திரைக்கு வந்தார். 2001இல் வந்த 'பத்ரி' படத்தில் விஜய்க்குப் பயிற்சியளிக்கும் ஆசானாகவே பலரும் அவரை நினைவில் வைத்திருக்கிறார்கள். 2025 மார்ச்சில் அவர் மறைந்தார். அவரிடம் பயின்ற பவன் கல்யாண் தெலுங்குத் திரையின் பெரும் நட்சத்திரமானார். ஆசானோ துணை வேடங்களோடு நின்றுவிட்டார்.

2012இல் 'துப்பாக்கி' வெளியானபோது நம் அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. படக்குழுவினர் வருத்தம் தெரிவித்துக் காட்சிகளை நீக்க இசைந்தார்கள். 2013 தொடக்கத்தில் 'விஸ்வரூபம்' தமிழகத்தில் தடைக்குள்ளாகி, சில காட்சிகளில் ஒலி நீக்கப்பட்ட பின்பே வெளிவந்தது. அந்த எதிர்ப்பின் முறைகளைப் பற்றி நமக்குள் கருத்து வேறுபாடு இருக்கலாம். அதன் பின்னிருந்த வேதனை உண்மையானது. ஆனால் இன்னொன்றையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 'துப்பாக்கி'யின் இயக்குநர் அதற்கு முந்தைய ஆண்டு தீபாவளிக்குத் தந்த படம் '7ஆம் அறிவு'. தமிழர் பெருமை பேசிய அந்தப் படத்தில் வில்லன் 'டோங் லீ' என்னும் சீனன். பார்வையாலேயே மனிதரை வசப்படுத்தி, நடுச்சாலையில் கொன்று குவிப்பவன். அந்த வேடத்தில் நடித்த ஜானி ட்ரை நுயென், வியட்நாமில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த சண்டைக் கலைஞர். சீனராக இருக்க வேண்டும் என்ற தேவைகூட இல்லை. கண்கள் போதுமானவையாக இருந்தன. அந்த வில்லனைப் பற்றி நம் தரப்பிலிருந்து ஒரு முணுமுணுப்பு எழுந்ததாக எனக்கு நினைவில்லை. கத்தி நம்மைக் கீறும்போது மட்டுமே அது கத்தி என்று தெரிகிறது.

இது என் வீட்டு வாசலுக்கு வந்தது சென்ற ஆண்டு. எங்கள் பள்ளிவாசலுக்கு அருகே மணிப்பூரின் தௌபால் மாவட்டத்திலிருந்து வந்த குடும்பம் ஒன்று வசிக்கிறது. மணிப்பூர் மக்களில் ஏறத்தாழ 8 விழுக்காட்டினர் முஸ்லிம்கள் என்பதும், அவர்களைப் பங்கல்கள் என்று அழைப்பார்கள் என்பதும் நம்மில் பலருக்குத் தெரியாது. அந்தச் சகோதரர் முதன்முதலாக ஸஃப்பில் வந்து நின்றபோது, தொழுகை முடிந்ததும் ஒரு பெரியவர் "தம்பி எப்ப இஸ்லாத்துக்கு வந்தாரு?" என்று என்னிடம் கேட்டார். பல தலைமுறைகளாகக் கலிமா சொல்லி வரும் குடும்பம் அது.

அவருடைய மகனும் என் மகனும் ஒரே வகுப்பு. என் மகன் சிலம்பம் பயில்கிறான். அந்தப் பிள்ளை சிறுவயதிலேயே ஊரில் தாங்-தா பழகியவன். 'தாங்' என்றால் வாள். 'தா' என்றால் ஈட்டி. ஆங்கிலேயர் ஆட்சியில் ஒடுக்கப்பட்டும் அழியாமல் நின்று, இன்று கேலோ இந்தியா விளையாட்டுகளில் இடம்பெற்றிருக்கும் கலை அது. மாலை வேளைகளில் எங்கள் மொட்டைமாடியில் இருவரும் கம்பெடுத்து நிற்பார்கள். இவன் கம்பைச் சுழற்றுவான். அவன் தரையோடு தாழ்ந்து, பூனையைப் போல் பாதம் வைத்து நகர்வான். மொழி அரைகுறை; கம்புகள் மட்டும் சரளமாகப் பேசிக்கொள்ளும்.

பள்ளி ஆண்டு விழாவில் தேசபக்தி நாடகம் ஒன்று ஏற்பாடாயிற்று. ஒருநாள் மகன் துள்ளிக்கொண்டு வந்தான்.

"அத்தா, எனக்கு நாடகத்துல சண்டை வேஷம்!"

"என்னவா வர்றே?"

"தீவிரவாதி. அவன் சீனா சிப்பாய். எங்க ரெண்டு பேருக்கும்தான் நல்லா விழத் தெரியுமாம்."

"ஜவான் யாரு?"

ஜவானாக வருபவன் கம்பையே பிடித்தறியாத பிள்ளை. மகனின் முகத்தில் வருத்தம் துளியும் இல்லை. அதுவே என்னை உறங்கவிடவில்லை. பதின்மூன்று வயதுப் பிள்ளை, தான் எந்தப் பக்கம் நின்று விழ வேண்டும் என்பதை ஒரு கேள்வியும் இல்லாமல் ஏற்றுக்கொண்டிருந்தான்.

மறுநாள் மணிப்பூர்ச் சகோதரரையும் அழைத்துக்கொண்டு பள்ளிக்குச் சென்றேன். அவர் தயங்கினார். "விடுங்க பாய், நாங்க பிழைக்க வந்தவங்க" என்று இந்தியில் சொன்னார். நாடகப் பொறுப்பேற்றிருந்த ஆசிரியை நல்லவர். "சார், நான் யாரையும் மனசுல வெச்சுச் செய்யல. பார்த்ததும் பொருத்தமா இருந்துச்சு" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. பார்த்ததும் பொருத்தமாகத் தோன்றுவதுதான் நோயே. அதைச் சினம் கொள்ளாமல் எடுத்துச் சொன்னேன். வேடங்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்துக்கொள்ளலாம் என்றும், இந்த இரு பிள்ளைகளும் தம் கலையைத் தம் பெயரிலேயே செய்து காட்ட ஐந்து நிமிடம் தர வேண்டும் என்றும் கேட்டேன். சற்று நேரம் யோசித்து, நான்கு நிமிடம் தந்தார்.

விழாவில் ஒலிபெருக்கியில் 'தாங்-தா' என்பதைத் 'தங்கத்தா' என்று வாசித்தார்கள். அரங்கம் சிரித்தது. பின்பு கம்புகள் மோதத் தொடங்கியதும் சிரிப்பு அடங்கிற்று. அந்தப் பிள்ளையை அதன்பின் எவரும் 'சைனா' என்று அழைப்பதில்லை என்று சொன்னால் அது மிகை. இன்னும் அழைக்கிறார்கள். ஆனால் அந்த உதட்டசைவைப் பழகித் தரச் சொல்லாமல், அந்தக் காலசைவைப் பழகித் தரச் சொல்லி எங்கள் தெருப் பிள்ளைகள் இருவர் மாடிக்கு வருகிறார்கள்.

இது ஒரு பள்ளி நாடகம். இதற்கு இத்தனை பேச்சா என்று சிலர் கேட்கலாம். 2012 ஆகஸ்டை நினைவூட்ட விரும்புகிறேன். அசாமில் நிகழ்ந்த கலவரத்தைத் தொடர்ந்து, வடகிழக்கு மக்களை முஸ்லிம்கள் தாக்கப்போகிறார்கள் என்ற வதந்தி குறுஞ்செய்திகளில் பரவியது. இங்கிருந்து 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருவில் ஆயிரக்கணக்கானோர் பெட்டி படுக்கையுடன் ரயில் நிலையத்தில் குவிந்தார்கள். குவாஹாட்டிக்குச் சிறப்பு ரயில்கள் விடப்பட்டன. மொத்தக் குறுஞ்செய்திகளுக்கு மத்திய அரசே கட்டுப்பாடு விதித்தது. ஒரு பொய் இத்தனை விரைவாக நம்பப்பட்டது எப்படி? முஸ்லிம் என்றால் தாக்குபவன் என்னும் படம் ஏற்கெனவே மனங்களில் ஓடிக்கொண்டிருந்தது. அயலவராகவே நடத்தப்பட்டவர்களுக்கோ, தமக்காக எவரும் நிற்பார்கள் என்ற நம்பிக்கை இல்லை. இரண்டு பொய் முகங்கள் சந்தித்த இடம் அந்த ரயில் நிலையம்.

நம் மார்க்கத்தில் இதற்கு ஓர் அழகிய மருந்து உண்டு. ஒரு பெருநாளன்று அபிசீனியர்கள் மஸ்ஜிதுன் நபவியில் ஈட்டிகளோடு வீர விளையாட்டு நிகழ்த்தினார்கள். அவர்கள் அரபிகள் அல்லர். நிறமும் மொழியும் வேறு. உமர் (ரலி) அவர்கள் தடுக்க முற்பட்டபோது, அவர்களை விட்டுவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். அவர்களை அவர்களுக்குரிய பெயரால் அழைத்து ஊக்கமும் அளித்தார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் நபியவர்களின் பின்னால் நின்று, தமக்குப் போதும் என்று தோன்றும்வரை அதைக் கண்டார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய தொகுப்புகளில் பதிவான நிகழ்ச்சி இது. அன்று அந்தக் கலைஞர்களுக்கு எவரும் வேடம் தரவில்லை. அவர்கள் எவராக இருந்தார்களோ, அவராகவே பார்க்கப்பட்டார்கள்; அதுவும் அல்லாஹ்வின் இல்லத்தில்.

சூரத்துல் ஹுஜுராத்தின் 11ஆம் வசனம் கேலியையும் பட்டப்பெயரையும் தடுக்கிறது. 13ஆம் வசனம், இனங்களாகப் பிரிந்திருப்பது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என்கிறது. இரண்டுக்கும் இடையே ஒரே ஒரு வசனம்தான் இருக்கிறது. கேலியை நிறுத்துவதிலிருந்து அறிந்துகொள்வது வரை உள்ள தொலைவும் அவ்வளவே. நம்மைத் தவறாகக் காட்டும்போது நியாயம் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. அதே நியாயத்தை நம் தெருவில் நடந்து செல்லும் அசாம்காரருக்கும் மணிப்பூர்க்காரருக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம். இவ்வாரம் ஜும்ஆ முடிந்ததும், பக்கத்தில் நின்ற அறிமுகமில்லாத முகத்திடம் பெயரையும் ஊரையும் கேளுங்கள். பிள்ளைகளை உடன் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

முகங்களைக் கடந்து மனிதரைக் காணும் பார்வையை வல்ல அல்லாஹ் நமக்கும் நம் சந்ததியினருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.