சாலைக் கடைத்தெருவின் கரிப் படம்

ஜன்னல்களில் கறுப்பு சார்ட் ஒட்டியிருந்தார்கள். மின்விசிறி ஓடவில்லை. திருவனந்தபுரத்துப் புழுக்கத்தில் ஒரு ஏப்ரலைக் கழித்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். “ஃபேன் போட்டா தாள் ஆடும், கரி பறக்கும். பழகிரும் அண்ணே” என்றார் அந்த மாடியறையில் படம் எடுத்துக்கொண்டிருந்த பெண். என் வெள்ளைச் சட்டையின் வெளிச்சம் தாளில் விழுகிறதென்று ஒரு பழைய கறுப்புச் சட்டையைக் கொடுத்துப் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள்.

அவர் நாகர்கோவில்காரர். இங்கே பாளையம் நுண்கலைக் கல்லூரியில் ஓவியம் படித்துவிட்டு, டெக்னோபார்க்கில் சில வருடம் கணினி அனிமேஷன் செய்தவர். டூன்ஸ் நிறுவனம் 1999இல் தொடங்கப்பட்டு, தெனாலிராமன் தொடரை எடுத்த காலத்திலிருந்தே இந்த ஊரில் அனிமேஷன் ஒரு பிழைப்பு. மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு இவர் கரியைக் கையில் எடுத்திருக்கிறார். உதவிக்கு அதே கல்லூரியில் படிக்கும் ஒரு மலையாளிப் பையன்.

சுவரில் ஒரு பெரிய தாள், எதிரே முக்காலியில் கேமரா. இடையே மூன்று எட்டு. இந்த ஊரின் சாலைக் கடைத்தெருவில் மூட்டை சுமக்கும் ஒருவர் தாளில் நிற்கிறார். அந்தப் பெண் அவர் காலைத் துணியால் துடைத்து, சற்றுத் தள்ளி மீண்டும் வரைகிறார். கேமராவுக்கு நடந்து வந்து இரண்டு ஃப்ரேம் எடுக்கிறார். திரும்பத் தாளுக்குப் போகிறார். விநாடிக்கு 24 ஃப்ரேம் என்றால், ஒரு விநாடிக்கு இப்படிப் பன்னிரண்டு தடவை அழித்து வரைய வேண்டும். நல்ல நாளில் மூன்று நான்கு விநாடிப் படம் தேறும். சோதனைப் படம் என்றதும் மனம்போன போக்கு என்று நினைப்பவர்கள் இங்கே அரை நாள் நின்று பார்க்கலாம்.

கரி முழுதாக அழிவதில்லை. பழைய கால் நின்ற இடத்தில் ஒரு சாம்பல் பூச்சு தங்கிவிடுகிறது. நான்கு எட்டு நடந்த சுமைக்காரருக்குப் பின்னால் நான்கு நிழல்கள் இழுபடுகின்றன. கணினியில் சுத்தமாக நடந்திருந்தால் அவர் வெறுமனே நடந்திருப்பார். இங்கே மூட்டையின் கனம் தெரிகிறது. சாலைக் கடைத்தெருவில் சுமைத்தொழிலாளர்களின் ஒவ்வொரு சங்கத்துக்கும் ஒரு நிறத்தில் சட்டை உண்டு. கரியில் எல்லோரும் ஒரே சங்கம்.

இந்த முறைக்குப் பெயர் வாங்கித் தந்தவர் தென்னாப்பிரிக்காவின் வில்லியம் கென்ட்ரிட்ஜ். 1989இல் ஜோகன்னஸ்பர்க்கைப் பற்றி இப்படி ஒரு படம் எடுத்தவர். 1994இல் வந்த ‘ஃபீலிக்ஸ் இன் எக்ஸைல்’ முழுவதற்கும் அவர் பயன்படுத்தியவை சுமார் நாற்பது ஓவியங்கள்தாம். ஒவ்வொன்றையும் அழித்து அழித்துக் கதையை நகர்த்தினார். கதைப்பலகை போட்டுக்கொள்வதில்லை. 2018 கொச்சி பியனாலே கலைக் கண்காட்சியில் அவருடைய ஊர்வலப் படம் வந்தது. இந்தப் பெண் அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டுத் திரும்பிய பிறகுதான் வேலையை விடும் எண்ணமே வந்ததாம்.

யோசனை எப்போது வரும் என்று கேட்டேன். பையன் முந்திக்கொண்டான்: “சேச்சி கேமராவுக்கு நடக்கும்போது.” அவர் மறுக்கவில்லை. “தாள் பக்கத்துல நின்னா கோடுதான் தெரியும். திரும்பி நடக்கும்போதுதான் அடுத்து என்னன்னு தோணும். நேத்து துடைச்ச கறை ஒண்ணு நாய் மாதிரி இருந்துது. அதான் படத்துல நாய் வந்திருக்கு.” தெருவின் மூலையில் அந்த நாய் ஏற்கெனவே படுத்திருந்தது.

கரியும் சொந்தத் தயாரிப்புதான். புளியங்குச்சிகளை மூடிய டின்னில் அடைத்துச் சுடுகிறார். நம்நாட்டு ஓவியர்களின் பழைய வழக்கம் அது. கடையில் கிடைக்கும் அழுத்திய கரியில் பசை இருப்பதால் தாளை விட்டுப் போகாது; மெல்லிய குச்சிக்கரியோ துணி பட்டாலே விலகும். படிந்த கரியை நிலைக்கச் செய்யும் திரவத்தையும் தெளிக்க முடியாது, அடுத்த நிமிடமே அழிக்க வேண்டுமே. மழைக்காலத்தில் தாள் ஈரம் குடித்து உப்பும். அந்த மாதங்களில் ஒலி வேலை மட்டும்.

படம் முடிந்த பிறகு கடைசி நிலையில் இருக்கும் ஓவியங்கள்தாம் மிஞ்சும். நடுவில் இருந்த ஆயிரக்கணக்கான படங்கள் கேமராவில் மட்டுமே. விற்கச் சரக்கு குறைவு. எனக்கு இது கொஞ்சம் அநியாயமாகப் பட்டது. அவருக்கு அப்படி இல்லை.

கேரள சலச்சித்ர அகாதமி இந்த நகரில் 2008இலிருந்து நடத்திவரும் ஆவணப்பட, குறும்பட விழாவுக்கு அனுப்ப எண்ணம். அதிதி கிருஷ்ணதாஸின் ‘கண்டிட்டுண்டு’ வந்ததிலிருந்து அவருக்கு நம்பிக்கை கூடியிருக்கிறது. ஒரு முதியவர் சொல்லும் பேய்க்கதைகளை அனிமேஷனாக்கிய அந்த மலையாளப் படம் தேசிய விருது வாங்கியது.

“ஒலி இன்னும் பாக்கி” என்றார் கையைத் துடைத்தபடி. “மூட்டை தரையில விழுற சத்தம் விடியக்காலம் லாரி வரும்போதுதான் கிடைக்கும். நாளைக்கு நாலு மணிக்குச் சாலைக்குப் போறோம். மைக் பிடிக்க ஒரு ஆள் வேணும், வாறீங்களா?”