டிபேஸ், ஃபாக்ஸ்ப்ரோ: தேடலும் திருத்தலும்

1990-களில் தமிழ்நாட்டில் கம்ப்யூட்டர் சென்டருக்குப் படிக்கப் போனவர்களைக் கேட்டால் ஒரு வரிசையை ஒப்பிப்பார்கள். முதலில் டாஸ், அப்புறம் வேர்ட்ஸ்டார், அப்புறம் லோட்டஸ், கடைசியில் டிபேஸ் அல்லது ஃபாக்ஸ்ப்ரோ. இந்தக் கடைசிப் பாடத்தில்தான் பலர் முதன்முதலாகக் கம்ப்யூட்டரிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். கருப்புத் திரையில் இடது ஓரமாக ஒரே ஒரு புள்ளி. அதற்குப் பக்கத்தில் கர்சர் கண்சிமிட்டிக்கொண்டிருக்கும். என்ன வேண்டும் என்று டைப் செய்து என்டர் தட்ட வேண்டும், அவ்வளவுதான். டிபேஸ் மூன்று ப்ளஸ்ஸில் 'அசிஸ்ட்' என்று ஒரு மெனுவும் இருந்தது. ஆனால் கை பழகியவர்கள் அது வந்த உடனே எஸ்கேப் அடித்துப் புள்ளிக்குப் போய்விடுவார்கள்!

இந்தப் புள்ளியின் கதை சுவாரசியமானது. கலிஃபோர்னியாவில் உள்ள ஜெட் புரொபல்ஷன் லேபரட்டரியில் வேலை பார்த்த வேய்ன் ராட்லிஃப், கால்பந்துப் பந்தயக் கணக்குகளுக்காக வீட்டில் ஒரு மென்பொருள் எழுதத் தொடங்கினார். அதே ஆய்வகத்தின் பெரிய கணினியில் ஓடிய ஒரு நிரல்தான் அதற்கு முன்மாதிரி. 'ஸ்டார் ட்ரெக்' தொடரில் வரும் ஸ்பாக்கின் கிரகம் வல்கன் அல்லவா, அந்தப் பெயரையே அதற்கு வைத்தார். பிறகு ஆஷ்டன்-டேட் நிறுவனம் அதை வாங்கி, 'டிபேஸ் இரண்டு' என்ற பெயரில் விற்றது. டிபேஸ் ஒன்று என்று எதுவுமே வந்ததில்லை. இரண்டு என்றால் ஏற்கெனவே திருத்தி மெருகேற்றியது போலத் தோன்றும், அதற்காகத்தான்! ஃபாக்ஸ்ப்ரோ அதே மொழியை வேகமாக ஓட்டிய போட்டியாளர். 1992-ல் மைக்ரோசாஃப்ட் அந்த நிறுவனத்தை வாங்கியது. விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோ 9-க்கான ஆதரவு 2015 ஜனவரியில் முடிந்தது.

சரி, தேடலுக்கு வரலாம். ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் முருகேசன் என்று ஓர் உறுப்பினர் என்று வைத்துக்கொள்ளலாம். கவுன்டரில் நின்று தன் கணக்கில் எவ்வளவு பாக்கி என்று கேட்கிறார். கிளார்க் 'லொக்கேட் ஃபார்' என்று தொடங்கி, நேம் சமம், மேற்கோள் குறிக்குள் பெயர் என்று அடிக்கிறார். மிஷின் முதல் ரெக்கார்டிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வரும். கிடைத்த இடத்தில் நிற்கும். இந்த முருகேசன் இல்லை, வேறு முருகேசன் என்றால் 'கன்டினியூ'. அடுத்தவரிடம் போய் நிற்கும். பத்தாயிரம் ரெக்கார்டு இருந்தால் இது மெதுவாகத்தான் போகும். அதற்குத்தான் இண்டெக்ஸ். இண்டெக்ஸ் போட்டு வைத்திருந்தால் 'சீக்' என்ற கட்டளை, புத்தகத்தின் பின்னால் உள்ள சொல்லடைவைப் பார்ப்பது போல நேராகப் போய் நிற்கும்.

அது நிற்கவில்லை என்றால்? 'நோ ஃபைண்ட்' என்று இரண்டே சொல். இந்த இரண்டு சொல்லைத்தான் கிளார்க், "உங்க பேரு இல்லீங்களே" என்று மொழிபெயர்த்துச் சொல்வார். உண்மையில் மிஷின் அப்படிச் சொல்லவே இல்லை. நீ அடித்த எழுத்துகள் இந்த வரிசையில் இல்லை என்று மட்டும்தான் சொன்னது. இரண்டுக்கும் உள்ள தூரம் கவுன்டருக்கு வெளியே நிற்பவருக்குத் தெரியாது.

தமிழ்ப் பெயர்களிடம் இந்தத் தூரம் இன்னும் அதிகம். டிபேஸில் சமக்குறி போட்டால், வேறு விதமாக அமைக்காதவரை, அது பெயரின் தொடக்கத்தைத்தான் ஒப்பிடும். 'ராம்' என்று தேடினால் ராமன், ராமசாமி, ராமலிங்கம் எல்லாரும் வருவார்கள். நல்ல வசதிதான். ஆனால் நம் ஊரில் இனிஷியல் முன்னால் வருமே! 'எஸ்.முருகேசன்' என்று பதிந்திருந்தால் அந்த ரெக்கார்டு 'எஸ்' என்றுதான் தொடங்கும். முருகேசனைத் தேடினால் கிடைக்காது. பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்பதும் அதற்கு முக்கியம். இதோடு ஸ்பெல்லிங் வேறு. நடுவில் வரும் 'கே' ஒலிக்கு ஆங்கிலத்தில் ஒருவர் 'ஜி' போடுவார், இன்னொருவர் 'கே' போடுவார். அனுபவப்பட்டவர்கள் டாலர் குறியைப் பிடித்துக்கொள்வார்கள். பெயரின் ஒரு துண்டைக் கொடுத்து, அது எங்கே ஒளிந்திருந்தாலும் எடு என்று சொல்லும் குறி அது. இண்டெக்ஸின் வேகம் போய்விடும், ஆனால் ஆள் கிடைத்துவிடுவார்.

ஃபாக்ஸ்ப்ரோவில் 'சவுண்டெக்ஸ்' என்று ஒன்றும் உண்டு. 1918-ல் அமெரிக்காவில் ராபர்ட் ரஸ்ஸல் காப்புரிமை வாங்கிய முறையிலிருந்து வந்தது. முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு மற்ற மெய்யொலிகளை எண்களாக்கிவிடும். 'ஜி' போட்ட முருகேசனும் 'கே' போட்ட முருகேசனும் அதில் ஒரே ஆள், இரண்டு பேருக்கும் எம் 622. அட, பிரச்சினை தீர்ந்தது என்று பார்த்தால் ஞானம் என்று ஒருவர் வந்து நிற்பார். ஆங்கிலத்தில் 'ஜி-என்' என்று தொடங்கும் ஞானமும் உண்டு, 'என்-ஒய்' என்று தொடங்கும் ஞானமும் உண்டு. முதல் எழுத்தே மாறிவிட்டதால் சவுண்டெக்ஸ் கையை விரித்துவிடும். வெள்ளைக்காரர் பெயர்களை மனதில் வைத்துச் செய்த முறையிடம் 'ஞ'வுக்கு நியாயம் எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம்தான்.

ஆள் கிடைக்கவில்லை என்றதும் நடப்பது இன்னும் மோசம். இல்லாத ஆளைப் புதிதாகச் சேர்க்க 'அப்பெண்ட்' அடிப்பார்கள். இப்போது முருகேசன் இரண்டு பேர். பழைய ரெக்கார்டில் அவர் கட்டிய பணம், புதிய ரெக்கார்டில் வெறும் பெயர்.

திருத்துவதிலும் இதே கதைதான், ஆனால் ஆபத்து பெரிது. ஒரு ரெக்கார்டைத் திறந்து கையால் திருத்த 'எடிட்' இருந்தது, அட்டவணையாகப் பார்த்துத் திருத்த 'பிரவுஸ்' இருந்தது. ஆனால் உண்மையான பலம் 'ரீப்ளேஸ்' கட்டளையில். அதைச் சும்மா அடித்தால் நிற்கும் ரெக்கார்டு மட்டும் மாறும். 'ஃபார்' போட்டு நிபந்தனை கொடுத்தால் அதற்குப் பொருந்தும் எல்லாம் மாறும். 'ஆல்' என்று மூன்றே எழுத்து சேர்த்தால் கோப்பு முழுவதும் மாறும்! ஆயிரம் பேரின் வட்டி விகிதத்தை மாற்ற ஒரு வரி போதும். ஆயிரம் பேரின் வட்டி விகிதத்தைக் கெடுக்கவும் அதே ஒரு வரி போதும். அன்டூ கிடையாது. முடிந்ததும் இத்தனை ரெக்கார்டுகள் மாற்றப்பட்டன என்று ஓர் எண் வரும். 12 வர வேண்டிய இடத்தில் 4,000 வந்தால் அந்த நிமிஷத்தில் வயிற்றைக் கலக்கும்.

இதற்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு. முதலில் அதே நிபந்தனையோடு 'கவுன்ட்' அடித்து எண்ணிக்கையைப் பார்ப்பது. எண் சரி என்றால் மேல்நோக்கிய அம்புக்குறியால் அந்த வரியையே திரும்ப வரவழைத்து, முதல் பகுதியை மட்டும் 'ரீப்ளேஸ்' என்று மாற்றி என்டர் தட்டுவது. நிபந்தனையைத் திரும்ப அடிக்காததால் அதில் பிழை நுழைய வழியில்லை. கட்டளைகளின் முதல் 4 எழுத்துகள் அடித்தாலே போதும் என்பது இன்னொரு வசதி. வேகம் கூடும்... பதற்றமும் கூடவே வரும்.

இண்டெக்ஸ் போட்ட புலத்தையே ரீப்ளேஸ் செய்வது தனி வம்பு. சம்பளத்தின்படி வரிசைப்படுத்திய கோப்பில் சம்பளத்தை உயர்த்தினால், உயர்ந்த ரெக்கார்டு வரிசையில் முன்னால் தாவிவிடும். சில ரெக்கார்டுகள் விட்டுப்போகும், சில மறுபடி மாட்டும். இது டிபேஸுக்கு மட்டும் வந்த நோய் அல்ல. 1976-ல் ஐபிஎம் ஆய்வாளர்கள் 25,000 டாலருக்குக் கீழே வாங்குபவர்களுக்கு 10% உயர்வு என்று ஒரு கட்டளை ஓட்டிப் பார்த்தார்கள். முடிவில் ஒருவர்கூட 25,000-க்குக் கீழே இல்லை! உயர்வு பெற்றவர் வரிசையில் தாவித் தாவி மறுபடி மறுபடி உயர்வு பெற்றுக்கொண்டே போனார். அன்று ஹாலோவீன் நாள் என்பதால் அதற்கு 'ஹாலோவீன் சிக்கல்' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

ரீப்ளேஸில் இல்லாத இரக்கம் டெலீட்டில் இருந்ததுதான் வேடிக்கை. டிபேஸ் கோப்பில் ஒவ்வொரு ரெக்கார்டின் முதல் பைட்டும் ஒரு குறிக்காக ஒதுக்கப்பட்டது. சாதாரணமாக அது வெற்றிடம். 'டெலீட்' அடித்தால் அந்த இடத்தில் ஒரு நட்சத்திரக் குறி விழும், அவ்வளவுதான். முருகேசன் அங்கேயேதான் இருப்பார், நெற்றியில் நட்சத்திரத்தோடு. 'ரீகால்' அடித்தால் நட்சத்திரம் போய்விடும். 'பேக்' அடிக்கும் வரை யாரும் உண்மையில் அழிவதில்லை. இரட்டை முருகேசன்களில் தவறான ஒருவரை நீக்கிவிட்டாலும், பேக் அடிக்காதவரை அவர் கட்டிய பணம் பத்திரமாக இருக்கும். பேக் அடித்துவிட்டால் பேக்கப் ஃப்ளாப்பியைத் தேட வேண்டியதுதான்.

விசைகளின் கதை மட்டும் மீதி. டிபேஸில் திருத்தும்போது கன்ட்ரோல்+டி அடித்தால் ஒரு சொல் அழியும். ஃபாக்ஸ்ப்ரோவின் பிரவுஸில் அதே விசைகள் முழு ரெக்கார்டுக்கும் அழிப்புக் குறி வைக்கும். கன்ட்ரோல்+சி இன்று காப்பி, அன்று டிபேஸில் அடுத்த ரெக்கார்டு. கன்ட்ரோல்+டபிள்யூ என்றால் சேமித்துவிட்டு வெளியே வா என்று பொருள். ஃபாக்ஸ்ப்ரோவில் வருடக்கணக்காகப் பழகிய கை, இப்போது பிரவுசரில் ஒரு நீண்ட படிவத்தை நிரப்பி முடித்ததும் தன்னை அறியாமல் அதே இரண்டு விசைகளை அழுத்தினால், படிவத்தோடு சேர்ந்து அந்த டேபே மூடிக்கொள்கிறது.