ஸ்டாக் எடுத்துப் பாருங்க சார்!

பி.காம். படித்தவனுக்குக் கம்ப்யூட்டரில் என்ன வேலை என்கிறீர்களா? இதுவும் ஆடிட்தான். ஸ்டிக்கரில் இருப்பது கணக்கு. பெட்டிக்குள் இருப்பது இருப்பு.

டிவைஸ் மேனேஜர் விண்டோஸ் 95 காலத்து ஆசாமி. ஏதாவது வரிமேல் மஞ்சள் ஆச்சரியக்குறி இருந்தால் அங்கே மக்கர். பெயரே தெரியாத சாதனமா? பிராபர்ட்டீஸில் ஹார்ட்வேர் ஐடி பாருங்கள். வெண்டர் நம்பர் 8086 என்றால் இன்டெல். 1978-ல் அவர்கள் விட்ட சிப்பின் நம்பர் அது. பேரனுக்குத் தாத்தா பெயர் மாதிரி! (லினக்ஸ்காரர்கள் எல்எஸ்பிசிஐ என்று அடித்துவிட்டு நம்மை அலட்சியமாகப் பார்ப்பார்கள்.)

போன மாதம் மச்சினன் இரண்டு மாதச் சம்பளத்தோடு பழைய லேப்டாப் வாங்கக் கிளம்பினான். துணைக்கு நான். "16 ஜி.பி. சார், கண்ணை மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போங்க" என்றார் கடைக்காரர். கண்ணைத் திறந்துகொண்டு, விண்டோஸ் கீயோடு ஆர் அமுக்கி, எம்எஸ்இன்ஃபோ32 அடித்தேன். 8!

"அத்தான், எட்டு சனி நம்பராச்சே!"

கடைக்காரர் டீ சொன்னார். கமாண்ட் பிராம்ப்ட்டில் பவர்சிஎஃப்ஜி /பேட்டரிரிப்போர்ட் போட்டேன். பேட்டரி பிறந்தபோது 50,000 மில்லிவாட் மணி, இப்போது 19,000.

டீயோடு வடையும் வந்தது. விலையில் நாலாயிரம் குறைந்தது.