தாத்தாவுக்கு ஒரு சட்டை

ஊர் சுத்தப் போற இடத்துல முகங்களைப் படம் எடுக்கிறது எப்படின்னு எழுதச் சொல்லி நண்பர் ஒருத்தர் ரொம்ப நாளா நச்சரிச்சுக்கிட்டே இருக்கார். லென்ஸ், செட்டிங்னு மட்டும் எழுதினா நாலு வரியில முடிஞ்சிடும். 50 மி.மீ. இல்லைன்னா 85 மி.மீ. லென்ஸ். காலையில எட்டு மணிக்குள்ள, இல்லைன்னா சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு. போகஸ் எப்பவும் கண்ணுல. அவ்வளவுதான், கடையைச் சாத்திட்டுப் போயிடலாம் :-)

ஆனா க்ளிக் பண்ணினதுக்கு அப்புறம் ஒரு கதை இருக்கே, அதைத்தான் யாரும் சொல்றதில்லை. படத்துல இருக்கிற ஆளுக்கு அதுக்கப்புறம் என்ன ஆச்சு? அந்தப் படம் அவங்க கைக்குப் போச்சா? பார்த்துட்டு என்ன சொன்னாங்க?

எல்லாருக்கும் தெரிஞ்ச ரெண்டு படத்தை எடுத்துக்குவோம்.

முதல் படம், பச்சைக் கண் ஆப்கன் சிறுமி. 1984-ல் பெஷாவர் பக்கத்துல இருந்த நாசிர் பாக் அகதி முகாம்ல ஸ்டீவ் மெக்கரி எடுத்தது. 1985 ஜூன் மாச நேஷனல் ஜியாக்ரபிக் அட்டையில வந்து உலகம் பூரா சுத்திச்சு. சுத்தின அத்தனை வருஷமும் அந்தப் பொண்ணு பேர் என்னன்னு யாருக்கும் தெரியாது. 2002-ல தேடிக் கண்டுபிடிச்சப்போதான் ஷர்பத் குலான்னு தெரிஞ்சது. அதுவரைக்கும் அவங்க அந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை. அப்புறமும் நிம்மதி இல்லை. 2016-ல் போலி அடையாள அட்டை வழக்குல பாகிஸ்தான்ல கைதாகி, ஆப்கானிஸ்தானுக்குத் திருப்பி அனுப்பப்பட்டாங்க. தாலிபான் திரும்ப வந்த பிறகு, 2021-ல் இத்தாலி அடைக்கலம் கொடுத்துச்சு.

ரெண்டாவது, டோரதியா லாங்கே எடுத்த ‘மைக்ரண்ட் மதர்’. 1936 மார்ச். கலிபோர்னியாவுல நிப்போமோங்கிற ஊர்ல பட்டாணி பறிக்க வந்த கூலிக்காரங்க முகாம். விளைச்சல் பனியில போயிடுச்சு, வேலை இல்லை, சாப்பாடு இல்லை. லாங்கே அந்த முகாமைத் தாண்டி இருபது மைல் போன பிறகு மனசு கேட்காம வண்டியைத் திருப்பிக்கிட்டு வந்தாராம். வந்து பத்து நிமிஷத்துல சில படங்கள் எடுத்தார். வயசு 32-னு குறிச்சுக்கிட்டார். பேரைக் கேட்கலை. இதை அவரே பின்னாடி எழுதியிருக்கார்.

அந்த அம்மா பேர் ப்ளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன்னு வெளியில தெரிய 1978 ஆயிடுச்சு. நாற்பத்திரண்டு வருஷம்! அப்போ அவங்க சொன்னது பெருமை இல்லை, கோபம். இந்தப் படத்தை எடுக்காமலே இருந்திருக்கலாம், எனக்கு ஒரு காசு வந்ததில்லைன்னாங்க. (நியாயமா சொல்லணும்னா லாங்கே அப்போ அரசாங்க வேலையில இருந்தார். அந்தப் படத்தை வித்து அவரும் சம்பாதிக்கலை.) அந்த அம்மா காரோட டயரை வித்து சாப்பாடு வாங்கினாங்கன்னு லாங்கே எழுதியிருந்தார். பிள்ளைங்க, "அப்படி நடக்கவே இல்லை"ன்னு சொன்னாங்க. வாழ்க்கை பூரா உழைச்சு பிள்ளைங்களை ஆளாக்கின பொம்பளையை, உலகம் அந்த ஒரு நாள் முகத்தோடயே நிறுத்தி வச்சிடுச்சு.

இதுல ஒரு சின்ன விஷயம். அந்தப் படத்தோட வலது கீழ் மூலையில கூடாரக் கம்பைப் பிடிச்சிருந்த ஒரு கட்டைவிரல் இருந்துச்சு. பார்வையை இழுக்குதுன்னு லாங்கே அதை நெகட்டிவ்லயே அழிக்க வச்சார். இந்தக் கட்டைவிரலை ஞாபகத்துல வச்சுக்குங்க, திரும்ப வருவேன்.

நாம எடுக்கிற படம் எந்த அட்டையிலயும் வரப்போறதில்லை. ஆனா இதே கேள்வி சின்ன அளவுல நமக்கும் வரும். எனக்கு தனுஷ்கோடியில வந்துச்சு.

2011 பிப்ரவரி. அரிச்சல்முனை வரைக்கும் போற தார் ரோடெல்லாம் 2017-லதான் வந்துச்சு. அப்போ முகுந்தராயர் சத்திரத்துல இறங்கி வேன்ல ஏறணும். வேன் மணல்லயும் தண்ணியிலயும் குலுங்கிக் குலுங்கிப் போகும். இறங்கினா இடிஞ்ச சர்ச், ரயில்வே கட்டடம், நாலஞ்சு சிப்பிக் கடை. வந்தவங்க எல்லாரும் இடிபாட்டைப் படம் எடுத்துட்டு அரை மணியில கிளம்பிடுவாங்க. 1964 டிசம்பர் 22 ராத்திரி அடிச்ச புயல்ல ஊரே போச்சு, பாம்பன்ல இருந்து வந்த ரயில் பயணிகளோட கடலுக்குள்ள போச்சு. இனிமே மனுஷங்க வாழத் தகுதியில்லாத இடம்னு அரசாங்கம் அறிவிச்சது. ஆனாலும் மீனவங்க திரும்பி வந்து ஓலைக் குடிசை போட்டுக்கிட்டாங்க. கடல் ரெண்டு பக்கமும் உப்பா கிடக்க, நடுவுல மணலைக் கையால தோண்டி நல்ல தண்ணி எடுப்பாங்க. பார்த்தவங்களுக்குத் தெரியும்.

ஒரு குடிசை நிழல்ல தாத்தா ஒருத்தர் வலை பின்னிக்கிட்டிருந்தார். எழுபதுக்கு மேல இருக்கும். மேல சட்டை இல்லை, இடுப்புல கைலி, தோள்ல ஒரு துண்டு. கேமராவைப் பார்த்ததுமே,

"என்ன தம்பி, நீங்களும் புயல் கேக்க வந்தீகளா?" என்றார்.

"இல்ல தாத்தா. இன்னைக்கு என்ன மீன் கிடைச்சுச்சு?"

கையை நிறுத்திட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். "வர்றவுக எல்லாம் செத்தவுகளப் பத்தித்தான் கேப்பாக. மீனு கெடச்சதான்னு ஒருத்தனும் கேட்டதில்ல"ன்னு சொல்லிட்டு சிரிச்சார் பாருங்க... வாயில முன்பல்லு ஒண்ணு கூட இல்லை. கண்ணு ரெண்டும் கோடாயிடுச்சு. அந்தச் சிரிப்புலதான் மூணு க்ளிக்.

டெக்னிக்கலா கேட்கிறவங்களுக்கு: நிக்கான் டி90, 50 மி.மீ. லென்ஸ். சுத்தி வெளுத்த மணல், நடுவுல கறுத்த முகம். அப்படியே விட்டா கேமரா மணலைப் பார்த்து ஏமாந்துடும், முகம் கரிக்கட்டை ஆயிடும். கன்னத்துல ஸ்பாட் மீட்டர் வச்சேன். வெயில்ல கிடந்த மணல், குடிசை நிழலுக்குள்ள கீழேயிருந்து வெளிச்சத்தை அள்ளி வீசிச்சு. ஸ்டூடியோவுல காசு கொடுத்தாலும் கிடைக்காத ரிஃப்ளெக்டர்! கழுத்தெலும்புக் குழி, நெஞ்சுல காய்ஞ்ச உப்பு எல்லாம் அப்படியே வந்துச்சு. நான் எடுத்ததுலயே நல்ல படம் எதுன்னு கேட்டா இன்னைக்கும் அதைத்தான் காட்டுவேன்.

பேர் கேட்டு நோட்டுல எழுதிக்கிட்டேன். படம் கொண்டு வர்றேன்னு சொன்னேன். "எல்லாரும் சொல்றதுதேன்" என்றார், சிரிப்பு குறையாம.

2012 ஜனவரியில எட்டுக்குப் பத்து சைஸ்ல பிரிண்ட் போட்டு, லேமினேட் பண்ணி எடுத்துக்கிட்டுப் போனேன். குடிசை இருந்துச்சு. தாத்தா இல்லை. "ஐப்பசியிலயே போயிட்டாக"ன்னு பாட்டி சொன்னாங்க.

உள்ளே சாமி படத்துக்குப் பக்கத்துல ஒரு பிரேம் தொங்கிச்சு. வாக்காளர் அட்டைப் படத்தைப் பெருசாக்கிப் போட்டிருந்தாங்க. மூக்கு எது, மீசை எதுன்னு தெரியலை. சாம்பல் நிறத்துல ஒரு திட்டு, அதுக்கு ஒரு மாலை. அதுதான் அந்த வீட்டுல தாத்தாவோட ஒரே படம்.

பிரிண்ட்டை பாட்டி கையில கொடுத்தேன். ரொம்ப நேரம் பேசவே இல்லை. விரலால அந்த முகத்தைத் தடவிட்டு, "பல்லில்லாம சிரிக்கிறதப் பாரு"ன்னு சொன்னப்போ அவங்களுக்கே சிரிப்பு வந்து, அப்புறம்தான் அழுதாங்க.

மகன் என்னைத் தனியா வெளியில கூப்பிட்டார். "அண்ணே, தப்பா நினைக்காதீக. படம் நல்லா இருக்கு. ஆனா சட்டை போட்டுத் தர முடியுமா? நாலு பேரு வந்து போற இடம். அப்பா வெறும் மேலோட..."

ஒரு நிமிஷம் எனக்குப் பேச்சு வரலை. அந்தக் கழுத்தெலும்பும் உப்பும்தானே படம்? அதை மறைச்சா என்ன மிச்சம்? ஸ்டூடியோக்கள்ல செத்தவங்க படத்துக்குக் கோட்டு, டை எல்லாம் ஒட்டிக் கொடுப்பாங்களே, நாமளும் அதைப் பண்றதா?

அப்போதான் லாங்கேயோட கட்டைவிரல் நினைவுக்கு வந்துச்சு. தன் கண்ணுக்கு உறுத்தினதை ஒரு போட்டோகிராபர் அழிக்கலாம்னா, தன் அப்பாவுக்கு உறுத்தியிருக்கும்னு ஒரு மகன் நினைக்கிறதை மாத்தக் கூடாதா? நம்ம கண்ணுக்கு அழகாத் தெரிஞ்ச வெற்று மேல், அவங்களுக்கு இல்லாமையோட அடையாளம். ப்ளோரன்ஸ் தாம்சன் கோபப்பட்டதும் கிட்டத்தட்ட இதுக்குத்தானே?

"தாத்தா நல்லது கெட்டதுக்கு என்ன சட்டை போடுவாங்க?"ன்னு கேட்டேன். பாட்டி உள்ளே போய் ஒரு தகரப் பெட்டியைத் திறந்து வெள்ளைச் சட்டை ஒண்ணு எடுத்துட்டு வந்தாங்க. மடிப்பு கலையாம இருந்துச்சு. பேத்தி கல்யாணத்துக்குத் தைச்சதாம். ரெண்டு தடவைதான் போட்டிருக்கார்.

அதை மகனைப் போட்டுக்கச் சொன்னேன். அதே குடிசை நிழல், அதே லென்ஸ், அதே தூரம், அதே பக்கம் திருப்பி உட்கார வச்சேன். அப்பாவுக்கும் மகனுக்கும் தோள் அளவு ஒண்ணுதான். மதுரைக்கு வந்து நாலு ராத்திரி உட்கார்ந்து கழுத்துப் பக்கம் மட்டும் இழைச்சு இழைச்சு ஒட்டினேன். சிரிப்பைத் தொடவே இல்லை. பிரேம் போட்டு நானே கொண்டு போய்க் கொடுத்தேன். பழைய திட்டு இறங்கிச்சு, தாத்தா ஏறினார்.

இப்போ தாத்தாவுக்கு ரெண்டு படம் இருக்கு. சட்டை இல்லாதது என்கிட்ட, சட்டை போட்டது அவங்க வீட்டுல. எது உண்மைன்னு கேட்டா, ரெண்டும் அவர்தான். ஆனா ஒண்ணு எனக்காக எடுத்தது, இன்னொண்ணு அவருக்காக. மகன் கேட்டுக்கிட்டபடி, என்கிட்ட இருக்கிற படத்தை எங்கே காட்டினாலும் தாத்தா பேரைச் சொல்றதில்லை. பேர் நோட்டுல பத்திரமா இருக்கு.

அதுக்கப்புறம் நான் வச்சுக்கிட்ட சில வழக்கங்கள்:

1. கேமராவை எடுக்கிறதுக்கு முன்னாடி அன்னைக்கு நடந்ததைப் பத்திப் பேசுவேன். மீன், மழை, பேரப்பிள்ளை, எதுவானாலும் சரி.

2. பேர், ஊர், வீட்டுக்கு அடையாளம் எல்லாம் நோட்டுல எழுதிடுவேன். வெளியில போடலாமான்னு தனியா கேட்பேன்.

3. அவங்க எப்படித் தெரியணும்னு ஆசைப்படுறாங்களோ அப்படியும் ஒரு படம் எடுப்பேன். தலை சீவிட்டு, நல்ல புடவை கட்டிட்டு, நிமிர்ந்து நின்னு. நம்ம ரசனைக்கு அது ‘ஸ்டிஃப்’பா இருக்கும். இருந்துட்டுப் போகட்டும்.

4. பிரிண்ட் போட்டு அனுப்பாம அடுத்த ஊருக்குக் கிளம்புறதில்லை. தபால் போகாத இடம்னா அந்தப் பக்கம் போறவங்க யார்கிட்டயாவது கொடுத்து அனுப்புவேன்.

உங்க ஹார்ட் டிஸ்க்லயும் இப்படி எத்தனையோ பாட்டி, தாத்தா தூங்கிக்கிட்டிருப்பாங்க. ஒரு பிரிண்ட்டுக்கு ஆகுற செலவு ரெண்டு டீ, ஒரு வடை. இந்த ஞாயித்துக்கிழமை ஒரு பத்து முகத்தையாவது தேடி எடுங்க. கொண்டு போய்க் கொடுக்கிறப்போ ஆள் இருக்கணும், அதான் முக்கியம்.

பி.கு: சட்டை ஒட்டுறது எப்படின்னு கேட்கிறவங்களுக்கு: லேயர் மாஸ்க் தெரிஞ்சா போதும். ஆனா சட்டை அவங்க பெட்டியில இருந்தே வரணும்.