அந்த அறிக்கையில் நான் எழுதியது பொய்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஜாலான் துன் சம்பந்தனுக்குப் பின்புறம், ஒரு கடைவீட்டின் மாடியில், தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்களுக்கு மலாய் வகுப்பு நடத்தினேன். மதியச் சாப்பாட்டுக் கூட்டம் ஓய்ந்து மாலைக் கூட்டம் தொடங்குவதற்குள் அவர்களுக்குக் கொஞ்ச நேரம் கிடைக்கும். அந்த நேரத்தில் படுத்துத் தூங்காமல் படியேறி வந்தார்கள். சாப்பாட்டுக்கடை, முடிதிருத்தும் கடை, பூக்கடை, நகைப்பட்டறை என்று எல்லா இடத்திலிருந்தும் வந்தார்கள். ஓராண்டு முடிவதற்குள் வகுப்பு கலைந்துவிட்டது. ஏற்பாடு செய்த சங்கம் காரணம் கேட்டது. "கற்பவர்களிடம் ஆர்வம் குறைவு; ஒழுங்காக வருவதில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அது பொய். நான் கற்றுக்கொடுத்த விதம்தான் அவர்களைத் துரத்தியது. அறிக்கையை எழுதும்போதே அது எனக்குத் தெரியும்.

நான் கிள்ளானில் ஓர் இடைநிலைப்பள்ளியில் மலாய்மொழி ஆசிரியர். எஸ்பிஎம் என்ற பள்ளியிறுதித் தேர்வு எழுதும் மாணவர்களின் கட்டுரைகளைத் திருத்தியே என் வாழ்நாள் போயிற்று. காப்பார் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய குடும்பம் எங்களுடையது. அப்பா பேசியது பாசார் மலாய். சந்தையிலும் சீனர் கடையிலும் அது செல்லும். அரசாங்க அலுவலகத்தில் செல்லாது. ஒருமுறை ஓர் அலுவலக முகப்பில் அவர் பேசியதைக் கேட்டு வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் பக்கத்தில் நின்றேன், சிறுவன். எனக்கு அவர்கள் மேல் கோபம் வரவில்லை, அப்பாவின் மேல்தான் வந்தது. அன்றிலிருந்து பிழையில்லாத மலாய்தான் என் கவசமானது. 1988இல் பள்ளிகளில் 'செபுத்தான் பாக்கு' வந்தது. எழுதியிருப்பதை அப்படியே ஒலிக்க வேண்டும் என்ற உச்சரிப்பு முறை. 2000இல் அதைக் கைவிட்டார்கள். நாடே விட்ட பிறகும் நான் விடவில்லை. இதைச் சொல்வது என் குற்றத்தைக் குறைப்பதற்காக இல்லை. என் பழைய வெட்கத்தை, அதோடு எந்தத் தொடர்பும் இல்லாதவர்களின் தலையில் இறக்கி வைத்தேன் என்பதைச் சொல்வதற்காக.

முதல் வகுப்பிலேயே அவர்களிடம் கேட்டிருக்க வேண்டும்: உங்களுக்கு யாரிடம், என்ன பேச வேண்டியிருக்கிறது? நான் கேட்கவில்லை. அவர்களுக்கு வேண்டியிருந்ததைப் பட்டியல் போட்டால் ஒரு பக்கம்கூட வராது. "மாக்கான் சினி, புங்குஸ்?" அதாவது இங்கேயே சாப்பிடுகிறீர்களா, பொட்டலமா. "குராங் மானிஸ்" என்றால் சர்க்கரை குறைவு. இவற்றை அவர்கள் வந்த முதல் வாரத்திலேயே காதால் பிடித்துவிட்டார்கள். கிடைக்காமல் தவித்தது வேறு: சம்பளம் இன்னும் வரவில்லை என்று சொல்வது, போலீஸ்காரர் நிறுத்தினால் பெர்மிட் புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறோம் என்று விளக்குவது, எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து வலிக்கிறது என்று மருத்துவரிடம் சொல்வது, என் பாஸ்போர்ட் என் கையில் இருக்க வேண்டும் என்று கேட்பது. இந்த நாட்டில் ஒருவருடைய பாஸ்போர்ட்டை இன்னொருவர் பிடித்து வைத்துக்கொள்வது 1966ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். அதை மலாயில் ஒரே வாக்கியமாகச் சொல்லத் தெரிந்திருப்பது எவ்வளவு பெரிய துணை! அந்த வாக்கியத்தை என் கரும்பலகையில் நான் ஒருநாளும் எழுதவில்லை.

நான் எழுதியது 'இம்புஹான்'. வேர்ச்சொல்லுக்கு முன்னும் பின்னும் ஒட்டும் ஒட்டுகள். 'துலிஸ்' என்பது 'மெனுலிஸ்' ஆகும், 'புக்குல்' என்பது 'மெமுக்குல்' ஆகும், 'சாப்பு' என்பது 'மெஞாப்பு' ஆகும் என்று விதி விதியாக எழுதிப் போட்டேன். பிறகு ஆளுக்கு ஒன்று, விலங்குக்கு ஒன்று, துணிக்கு ஒன்று, நீண்ட பொருளுக்கு ஒன்று என்று எண்ணோடு சேரும் சொற்கள். எல்லாம் சரியான மலாய்தான், தேர்வில் முழு மதிப்பெண் வாங்கும் மலாய். ஆனால் கோலாலம்பூர்த் தெருவில் மலாய்க்காரர்களே பேச்சில் பாதி ஒட்டுகளை உதறிவிடுவார்கள். தட்டைக் கழுவுகிறேன் என்பதற்குச் சமையலறையில் யாரும் 'மெம்பாசூ' என்று சொல்வதில்லை, 'பாசூ' என்றே சொல்வார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் மலாய் கற்றுக்கொடுத்த எனக்கு இது தெரியாதா? தெரியும். தெரிந்தும், அவர்கள் காதில் விழுந்த மொழியைக் கொச்சை என்று ஒதுக்கினேன்.

அவர்களுடைய குறிப்பேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னை அதிகம் உறுத்துவது அதுதான்.

புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த ஓர் இளைஞர் சட்டைப்பையில் சின்ன நோட்டு வைத்திருந்தார். கடையில் கேட்ட மலாய்ச் சொற்களையெல்லாம் தமிழ் எழுத்தில் எழுதி, பக்கத்தில் அர்த்தம் போட்டிருந்தார். தமிழில் ஒரே 'ப'தான். மலாயில் 'பாகி' என்பதை ஒரு விதமாக ஒலித்தால் காலை, இன்னொரு விதமாக ஒலித்தால் கொடு. அதற்கு அவரே ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்: அழுத்தி ஒலிக்க வேண்டிய எழுத்தின் கீழே கோடு. யாரும் சொல்லிக்கொடுக்காமல் ஓர் ஒலிக்குறி முறையை அவர் உருவாக்கியிருந்தார். எந்த மொழியியல் துறையும் பாராட்டியிருக்கும். நான் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் வேண்டாம் தம்பி, ரூமியில் எழுதிப் பழகுங்க, இல்லேன்னா கடைசி வரைக்கும் உச்சரிப்பு வராது" என்று எல்லாருக்கும் முன்னால் சொன்னேன். ரூமி என்றால் மலாயை எழுதும் ரோமன் எழுத்து. அடுத்த வாரம் நோட்டு வரவில்லை.

நான் படித்தது மலாயாப் பல்கலைக்கழகத்தில். 1961இல் தனிநாயகம் அடிகள் வந்து தலைமையேற்ற இந்திய ஆய்வியல் துறை அங்கேதான் இருக்கிறது. 1966இல் முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கோலாலம்பூரில் கூட்டிய அதே அடிகள், 1554இல் லிஸ்பனில் அச்சான தமிழ் நூலைப் பற்றி உலகுக்கு எடுத்துச் சொன்னவர். அந்த நூலில் தமிழ் வாக்கியங்கள் ரோமன் எழுத்தில்தான் இருக்கின்றன. போர்த்துகீசியர் தமக்குத் தெரிந்த எழுத்தைப் பிடித்துக்கொண்டு நம் மொழிக்குள் வந்தார்கள். புரோவென்சா பாதிரியாரின் தமிழ்–போர்த்துகீசிய அகராதி, அவர் இறந்தபின் 1679இல் அம்பழக்காட்டில் அச்சேறியது. அதையும் 1966இல் அடிகள்தான் மலாயாப் பல்கலைக்கழகத்தின் வழியாக மறுபடி வெளியிட்டார். இந்த வரலாற்றை மேடைகளில் பெருமையாகப் பேசியிருக்கிறேன். ஐரோப்பியர் செய்தால் அரிய ஆவணம் என்றேன். அதையே சட்டைப்பை நோட்டில் நம் பிள்ளை ஒருவர் செய்தபோது கெட்ட பழக்கம் என்றேன்.

பிழை திருத்துவதிலும் இப்படித்தான். ஒருவர் வாயைத் திறந்து முழு வாக்கியம் சொல்லி முடிக்குமுன் குறுக்கே புகுந்து திருத்துவேன். வகுப்பில் சத்தம் குறைந்துகொண்டே போனது. கவனமாகக் கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் அந்தப் புதுக்கோட்டை இளைஞருக்குக் கையில் கொதிக்கும் எண்ணெய் கொட்டிவிட்டது. கூட வேலை செய்பவர் கிளினிக்குக்கு அழைத்துப் போனார். அங்கிருந்தவர்கள் பொறுமையாகத்தான் கேட்டார்களாம். இவர் வாயே திறக்கவில்லை. கையை நீட்டிக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்ற கேள்விக்கும் பதில் இல்லை. வகுப்புக்கு வருவதற்கு முன்பு இதே ஆள் தப்பும் தவறுமாகக் காய்கறிச் சந்தையில் பேரம் பேசியவர். பிறகு நான் விசாரித்தபோது தலையைக் குனிந்துகொண்டு, "தப்பாச் சொல்லிருவோமோன்னு வாய் வரல சார்" என்றார்.

அவரிடம் இருந்த மலாயையும் நான் பறித்துவிட்டிருந்தேன். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு நான் வகுப்பை நிறுத்தி, முறையை மாற்றி, மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். அடுத்த வாரம் போய் 'மெ' ஒட்டின் மீதிப் பாடத்தை நடத்தினேன்.

அவர் பிறகு பேசக் கற்றுக்கொண்டது சமையலறையில். அங்கே பாத்திரம் கழுவும் இந்தோனேசிய அக்கா ஒருவர் இருந்தார். 'அம்பில்' என்று சொல்லிக் கரண்டியைக் காட்டுவார், எடுத்தால் சிரிப்பார். 'அங்காட்' என்றால் பானையைத் தூக்க வேண்டும். 'போத்தோங்' என்றால் வெங்காயத்தை நறுக்க வேண்டும். தவறாக எடுத்தால் திட்டு இல்லை, மறுபடியும் அதே சொல். அமெரிக்காவில் ஜேம்ஸ் ஆஷர் என்ற உளவியலாளர் 1960களில் இதையே ஒரு கற்பித்தல் முறையாக வகுத்தார்: முதலில் கட்டளையைக் கேட்டு உடம்பால் செய்யட்டும், பேச்சு தானாக வரும்போது வரட்டும். ஜப்பானிய மொழியை வைத்துத்தான் அவர் முதலில் சோதித்தார். ஆசிரியர் பயிற்சியில் நான் இதைப் படித்துத் தேர்வும் எழுதியிருக்கிறேன். அந்த அக்கா ஆஷரின் பெயரைக் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார்.

கைப்பேசி என்ற துணையும் இருக்கிறது. சொல்லை மறக்கப்போகும் சமயத்தில் மறுபடி நீட்டும் செயலிகள் இருக்கின்றன, பேசினால் மொழிபெயர்த்துத் தரும் வசதி இருக்கிறது. அந்தப் பிள்ளைகள் அதே வேலையைச் செலவில்லாமல் எங்கள் வகுப்புக் காலத்திலேயே கைப்பேசியில் செய்துகொண்டார்கள். வாடிக்கையாளர் சொன்னது புரியாவிட்டால் அதே மாதிரி தாங்களே சொல்லிக் குரல்பதிவாக வாட்ஸ்அப்பில் நண்பர்களுக்கு அனுப்புவார்கள்; யாருக்காவது அர்த்தம் தெரிந்திருக்கும். வகுப்புக்குள் கைப்பேசி கூடாது என்று விதி போட்டவன் நான். அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சிக்கூடம், ஆங்கிலம் பேசும் ஒருவர் மலாய் கற்கச் சுமார் 36 வாரம் பிடிக்கும் என்று கணக்கிடுகிறது. அங்கே கற்பவர்கள் அதற்காகச் சம்பளத்தோடு உட்கார வைக்கப்படுகிறவர்கள். நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் நின்ற காலில் வேலை பார்ப்பதற்கு நடுவே என்னிடம் வந்தவர்களுக்கு ஒவ்வொரு நிமிடமும் பொன். அந்த நிமிடங்களை என் இலக்கணத்துக்குத் தின்னக் கொடுத்தேன். ஆர்வம் இல்லாதவர்களா தூக்கத்தை விட்டுவிட்டுப் படியேறி வருவார்கள்?

அந்த அறிக்கையால் விளைந்தது சிறிய தீங்கு இல்லை. ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு வகுப்பு நடத்தலாம் என்று பின்னால் ஒருவர் முன்வந்தபோது, சங்கத்தில் என் அறிக்கையைக் காட்டி, முன்பே முயன்று பார்த்தாயிற்று, அவர்களுக்கு அக்கறை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். கூட்டத்தில் நானும் இருந்தேன். பேசவில்லை. இங்கே பிறந்த நம்மவர்கள் பலரிடம் 'ஊர்க்காரப் பையன்கள்' மேல் ஏற்கனவே ஓர் ஏளனம் இருக்கிறது. அந்த ஏளனத்துக்கு ஓர் ஆசிரியரின் கையெழுத்தைச் சான்றாகக் கொடுத்துவிட்டேன்.

அந்த இளைஞர் இப்போது கிள்ளானில், ஜாலான் தெங்கு கிளானாவில் ஒரு சாப்பாட்டுக்கடையில் கல்லாவில் உட்காருகிறார். தீபாவளிக்கு முன் அந்தப் பக்கம் போனபோது ஒரு மலாய்க் குடும்பத்தோடு அவர் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். வேகமான, தயக்கமில்லாத மலாய். 'போலே' என்று சொல்ல வேண்டிய இடத்தில் இந்தோனேசியர் சொல்வதுபோல் 'பீசா' என்றார். என் மனத்தில் முதலில் எழுந்தது அந்தத் திருத்தம்தான். இத்தனைக்குப் பிறகும் அதுதான் எழுந்தது என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க சார், டீ சாப்பிடுங்க" என்று தமிழில் சொன்னார். டீ குடித்தேன். காசு வாங்க மறுத்தார்.

பழைய அறிக்கையை விலக்கிக்கொள்கிறேன், அதில் உள்ளது உண்மையில்லை, தவறு என்னுடையது என்று சங்கத்துக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறேன். அடுத்த வகுப்பு நடந்தால் என்னை ஆசிரியராகப் போட வேண்டாம், அந்த இந்தோனேசிய அக்காவைப் போன்ற ஒருவரைத் தேடுங்கள், கற்பவர்களின் நோட்டுகளிலிருந்து தொடங்குங்கள் என்றும் எழுதினேன். கடிதம் எழுதுவது என் போன்ற ஆளுக்கு எளிது. அந்தக் கடைக்குப் போய் அவர் முகத்தைப் பார்த்து, "உங்களைப் பேசவிடாமல் செய்தது நான்தான், தம்பி" என்று சொல்வதை மட்டும் இன்னும் தள்ளிப்போட்டுக்கொண்டு வருகிறேன்.