மிஸ்திரி கேட்ட கேள்வி

சற்று நீண்ட பதிவு. களப்பணிக்குப் புறப்படவிருக்கும் இளைய ஆய்வாளர்கள் பொறுமையுடன் படிக்கலாம். மற்றவர்கள் வண்டிக் கதையாக மட்டும் வாசித்தாலும் பிழையில்லை.

கடந்த நவம்பரில் அருணாசலப் பிரதேசத்தின் ரோயிங் நகரில் ஒன்பது நாள்கள் முடங்கிக் கிடந்தேன். நான் போகவேண்டிய சிற்றூர் மயோடியா கணவாய்க்கு அப்பால், ஹூன்லியையும் கடந்து, மலைக்குள் இருந்தது. அங்கே இகு ஒருவர் எனக்காகக் காத்திருந்தார். இதூ மிஷ்மி மக்களின் சடங்குகளை நடத்திவைப்போரை இகு என்பார்கள். அவர்கள் சடங்கில் ஓதும் மொழி அன்றாடப் பேச்சிலிருந்து வேறுபட்டது. என் ஆய்வேட்டின் மூன்றாம் இயல் முழுவதும் அந்தச் சொற்களைப் பற்றியது. எண்பது வயதைக் கடந்த அப்பெரியவருக்கு அக்டோபரில் மூச்சுத்திணறல் வந்திருந்தது. "பனி விழும் முன்னே வந்துவிடுங்கள்" என்று அவருடைய பேரன் தொலைபேசியில் சொல்லியிருந்தான். பனி என்று அவன் எதைக் குறித்தான் என்பது இருவருக்கும் தெரியும்.

வாடகைக்கு அமர்த்திய வண்டி நான்கு சக்கர இயக்கம் கொண்ட ஒரு பிக்கப். அதன் உரிமையாளரே ஓட்டுநர். அவரை நான் தாதா என்றழைப்பேன், அவர் என்னை மேடம் என்பார். நிலச்சரிவுச் சேற்றிலும் ஆற்றுக் கற்களிலும் அடிவயிறு இடிக்காதிருக்க, வண்டியை மூன்று அங்குலம் உயர்த்தியிருந்தார். முன்புறச் சுருள் வில்லின் மேல் கட்டை வைத்து, பின்புறப் பட்டை வில்லுக்கு நீண்ட ஷேக்கில் மாட்டிச் செய்த வேலை. அந்த உயரத்தில் அவருக்குப் பெருமிதம். ஏறி அமர எனக்கோ ஒவ்வொரு முறையும் கைப்பிடி தேவைப்பட்டது.

ரோயிங்கிலிருந்து மலையேறத் தொடங்கி இருபது கிலோமீட்டர்கூட ஆகவில்லை, தரைக்கடியிலிருந்து அரைபடும் ஓசை எழுந்தது. "கர்-கர் என்கிறது" என்றார் தாதா, இந்தியில். மூச்சொலி கலந்த அந்தக் ககரத்தைத் தமிழெழுத்தில் காட்ட வழியில்லை. 'கட்-கட்' அன்று, 'கிர்-கிர்' அன்று, 'கர்-கர்'தான் என்று அவர் அழுத்திச் சொன்னார். எனக்கு அது 'நறநற' என்றே கேட்டது. பிரித்தால் பொருள் தராதது இரட்டைக்கிளவி என்று தொல்காப்பியம் வகுத்ததை மாணவர்களுக்கு நடத்தியிருக்கிறேன். ஆயினும் ஒரே ஓசையை இரண்டு மொழிகள் இப்படி வெவ்வேறாகக் கடிப்பதை நின்று ரசிக்கும் மனநிலை அப்போது இல்லை. வண்டியைத் திருப்பினோம்.

திரும்பும் வழியில் தாதா இன்னொன்றும் சொன்னார்: "மூட்டை ஏற்றினால் இவ்வளவு கத்தாது, மேடம்." சுமை தூக்குவதில் தன் வண்டிக்குள்ள ஆற்றலைச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டு தலையசைத்தேன்.

அடுத்து நான் செய்தவைதான் இப்பதிவின் சங்கடமான பகுதி. களப்பதிவுக் கருவியை இருக்கைக்கடியில் வைத்து அந்த ஓசையைப் பதிந்தேன். ஒலிப்பதிவு கையில் இருக்கும்போது ஓட்டுநரின் வாய்மொழி எதற்கு? இரண்டு பட்டறைகளிலும் பேசியது நானே. பதிவை ஒலிக்கவிட்டு, "இது என்ன சத்தம்?" என்று கேட்டேன். முதல் பட்டறையில் இடப்புறப் பின்சக்கரத்தின் பேரிங் என்றார்கள். இரண்டு நாள், புதிய பேரிங், அதே ஓசை. இரண்டாம் பட்டறையில் கிரவுன்-பினியன் தேய்ந்துவிட்டது, நாற்பதாயிரம் ஆகும் என்றார்கள். திறந்து பார்த்தால் எண்ணெயில் இரும்புத்துகள் ஏதுமில்லை. இருந்தும் மாற்றச் சொன்னார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்குத் தகுதியில்லை. என்ன ஓசை என்று கேட்டேன், அவர்கள் ஒரு பெயர் சொன்னார்கள்.

மூன்றாவதாகப் போனது ஊரின் எல்லையிலிருந்த ஒரு தகரக் கொட்டகைக்கு. பீகாரிலிருந்து வந்து பல ஆண்டுகளுக்கு முன்பே குடியேறிய முதிய மிஸ்திரி. என்னைப் 'பேட்டி' என்றழைத்தார். இந்தியில் அது மகள். தமிழில் அது வேறு. அன்று நடந்ததற்குத் தமிழ்ப் பொருளே பொருத்தம். பதிவுக் கருவியை நீட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டே வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, தாதாவின் பக்கம் திரும்பினார்.

நிற்கும்போது ஆக்சிலரேட்டரை மிதித்தால் சத்தம் வருமா? வராது. அப்படியானால் எஞ்சின் இல்லை. இறக்கத்தில் நியூட்ரலில் உருளும்போது வருமா? குறைவாக, ஆனால் வரும். அப்படியானால் கியர்பெட்டிக்குப் பின்னால்தான். வளைவில் இடப்பக்கம் ஒடித்தால் ஒன்று, வலப்பக்கம் ஒடித்தால் வேறொன்றா? இரண்டும் ஒன்றே. அப்படியானால் சக்கரப் பேரிங் ஆக வாய்ப்புக் குறைவு. மிதித்தால் கூடுமா, விட்டால் கூடுமா? மிதித்தால். கடைசியாக: வெறும் வண்டியிலா, சுமையோடா?

"மூட்டை ஏற்றினால் குறையும்" என்றார் தாதா. என்னைப் பார்க்காமல் சொன்னார் என்பது என் கற்பனையாகவும் இருக்கலாம்.

மிஸ்திரி ஒருமுறைகூட 'என்ன' என்று கேட்கவில்லை. 'எப்போது' என்று மட்டுமே கேட்டார். ஒன்றைத் தவிர மற்றெல்லாவற்றையும் மாறாமல் நிறுத்தி, அந்த ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது. 'பல்லி', 'பள்ளி' என்று கரும்பலகையில் எழுதி, முதலாண்டு மாணவர்களுக்கு நான் கற்பிக்கும் குறைந்தபட்ச இணை இதுதான். ட்ரூபெட்ஸ்கோயின் ஒலியனியல் நூல் 1939இல் வெளிவந்தது. அதைப் படித்து முதுகலைப் பட்டம் பெற்ற நான், நான்கு நாளாக ஒரு தனிச்சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு இது எந்த ஒலியன் என்று ஊரெல்லாம் கேட்டுத் திரிந்திருக்கிறேன்.

பக்கத்துக் கட்டடத்திலிருந்து ஆறு மணல் மூட்டைகள் வந்தன. ஏற்றி ஓட்டினார், ஓசை பாதியாகக் குறைந்தது. இறக்கி ஓட்டினார், மீண்டது. பிறகு வண்டியின் அடியில் புகுந்து, பின்சக்கரங்களுக்குப் போகும் புரப்பல்லர் ஷாஃப்டை முழுவதுமாகக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டு முன்சக்கரங்களால் மட்டும் மண்பாதையில் ஓட்டிக் காட்டினார். ஓசையே இல்லை. பின்சக்கரங்கள் அப்போதும் சுழன்றன. அவற்றின் பேரிங்கும் டிஃபரன்ஷியலும் சுழன்றன. குற்றவாளி கழற்றி வைத்த தண்டோடு பட்டறை வாசலில் கிடந்தது.

சுமைக்கும் இதற்கும் என்ன தொடர்பு? இந்தத் தண்டு இரண்டு துண்டுகளால் ஆனது; நடுவில் ரப்பர் வளையத்தில் பொதிந்த சென்டர் பேரிங் தாங்குகிறது; வளையவேண்டிய இடங்களில் சிலுவை வடிவ யூனிவர்சல் இணைப்புகள். அவ்விணைப்பு ஒரு கோணத்தில் வளைந்து சுழலும்போது, உள்ளே வரும் வேகம் சீராக இருந்தாலும் வெளியே போகும் வேகம் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை கூடிக் குறைகிறது. கோணம் 10 பாகையானால் அந்த ஏற்ற இறக்கம் ஏறத்தாழ 1.5 விழுக்காடு, 20 பாகையானால் 6 விழுக்காட்டைத் தாண்டிவிடும். கோணம் இரட்டித்தால் தடுமாற்றம் நான்கு மடங்கு. இரு முனைகளிலும் கோணம் சமமாக இருந்து, இணைப்புகள் ஒன்றுக்கொன்று ஒத்து நின்றால், ஒன்றின் தடுமாற்றத்தை மற்றொன்று அழித்துவிடும். தாதா வண்டியின் உடலை உயர்த்தினார், அச்சு தரையோடு நின்றது. நீண்ட ஷேக்கில் அச்சையும் சற்றுத் திருப்பிவிட்டது. கோணங்கள் கூடின, சமமும் போயிற்று. மூட்டை ஏற்றினால் உடல் தாழ்ந்து, தண்டு மீண்டும் நேராகிறது.

சிலுவையின் ஒரு முனையைப் பிரித்து மிஸ்திரி என் உள்ளங்கையில் தட்டினார். மசகு இருக்கவேண்டிய இடத்தில் செம்பொடி. ஊசிபோன்ற உருளைகள் தேய்ந்து துருவாகியிருந்தன. சென்டர் பேரிங்கின் ரப்பர் கிழிந்து, பேரிங்கைக் கையால் சுழற்றினால் மணல் அரைபடுவதுபோல் உரசியது. அப்போதுதான் எனக்கும் அது 'கர்-கர்' என்று கேட்டது.

உதிரிப் பாகங்கள் தின்சுகியாவிலிருந்து வர இரண்டு நாள். வண்டியின் உயரத்தை இறக்கலாம், அல்லது கோணத்தைச் சரிசெய்யலாம் என்றார் மிஸ்திரி. உயரத்தை விட்டுத்தரத் தாதா சம்மதிக்கவில்லை. எனவே சென்டர் பேரிங்கின் தாங்கியைச் சிறு இரும்புக் கட்டைகளால் தாழ்த்தி, பட்டை வில்லுக்கும் அச்சுக்கும் இடையே ஆப்பு வைத்து, கழற்றுமுன் சுண்ணக்கட்டியால் இட்ட கோடுகள் நேர்வரும்படி தண்டைப் பூட்டினார்.

அவ்விரண்டு நாளில் என் ஒலிப்பதிவைப் பிராட் மென்பொருளில் திறந்து பார்த்தேன். 40 கிலோமீட்டர் வேகத்தில் பதிந்த பகுதியில் ஓசை நொடிக்கு ஏறத்தாழ 40 முறை எழுந்து விழுந்திருந்தது. சக்கரத்தின் சுற்றளவு 2.3 மீட்டர், டிஃபரன்ஷியலின் பல் விகிதம் 4.1, கணக்குப் போட்டால் தண்டு நொடிக்கு 20 முறை சுழல்கிறது, சுற்றுக்கு இரு தடுமாற்றம். விடை முதல் நாளே என் மடிக்கணினியில் இருந்திருக்கிறது. தண்டு என்று ஒன்று இருப்பதே தெரியாதவளுக்கு அதனால் என்ன பயன்? மிஸ்திரியிடம் காட்டினேன். மரியாதைக்காகப் பார்த்தார்.

பத்தாம் நாள் மயோடியாவைக் கடந்தோம். பெரியவர் இருந்தார். காலையில் அரைமணி நேரம் பேசுவார். பிறகு மூச்சு இடம் தராது. என் வினாநிரலில் 212 சடங்குச் சொற்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே கேள்வி: இதன் பொருள் என்ன? முதல் காலை மூன்று சொற்களைக் கேட்டேன். மூன்றுக்கும் ஒரே அன்றாடச் சொல்லைப் பதிலாகத் தந்தார். பேரன் மொழிபெயர்த்தான், நானும் அதையே மூன்று முறை எழுதிக்கொண்டேன்.

மறுநாள் வினாநிரலைப் பைக்குள் வைத்துவிட்டு, அதே மூன்றையும் வேறு மாதிரி கேட்டேன். இதை எப்போது ஓதுவீர்கள்? எப்போது ஓதக்கூடாது? அந்த இடத்தில் மற்றதை ஓதினால் என்ன ஆகும்? கடைசிக் கேள்விக்கு அவர் தலையணையிலிருந்து எழுந்து அமர்ந்தார். அவர் சொன்னதைப் பொதுவெளியில் எழுத எனக்கு அனுமதி இல்லை. மூன்றும் மூன்று என்பதை மட்டும் சொல்லலாம்.

ஆனால் இப்படிக் கேட்டால் நேரம் பிடிக்கும். கணவாயில் பனி என்று செய்தி வந்து நாங்கள் இறங்கும்வரை கிடைத்தவை 11 காலைகள்; முடிந்தவை 37 சொற்கள். வரும் வழியில் தாதா ஏலக்காய் மூட்டைகளை ஏற்றிக்கொண்டார். ஓசை ஏதுமில்லை, இருந்தும் பாட்டை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டே ஓட்டினார்.

பெரியவர் சனவரியில் மறைந்தார். காலை ஒன்றுக்கு மூன்று சொல்லுக்குச் சற்று அதிகம். ரோயிங்கின் ஒன்பது நாளை அதனோடு பெருக்கிப் பார்க்காதிருக்க முயல்கிறேன்.